கமராவுக்கு ஒரு வாசிப்புக் கண்ணாடி

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் காலையிற் பத்திரிகையை விரிக்கும் காட்சி பெரும்பாலான இல்லங்களிற் காணக்கூடியது. முதலில் அவர் பத்திரிகையை வழக்கமான தூரத்திற் பிடிப்பார். எழுத்துக்கள் கலங்கித் தெரியும். கையைச் சற்று நீட்டுவார். பின்னர் இன்னும் சற்று நீட்டுவார். கையின் நீளம் போதாத நிலை வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். அதனை அணிந்தவுடன் பத்திரிகை பழைய தூரத்துக்கே திரும்பி வந்துவிடும். இந்தக் குறையைத் தமிழில் வெள்ளெழுத்து என்பர்.

கமராவுக்கும் பிறவியிலேயே வெள்ளெழுத்து உண்டு. மலையையும் கோபுரத்தையும் கூட்டத்தில் நிற்கும் மனிதரையும் தெளிவாகப் பதிவு செய்யும் வில்லை, பொருள் ஒன்று மிக அண்மையில் வந்தவுடன் திணறிப்போகின்றது. 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள சாதாரண வில்லை பொதுவாக 45 சென்ரிமீற்றர் வரையுமே நெருங்க இடங்கொடுக்கும். 200 மில்லிமீற்றர் நீளமுள்ள தொலைவில்லையோ ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரத்திலேயே தன் எல்லையை அறிவித்துவிடும். அதற்குமேல் நெருங்கினால் விம்பம் கலங்கும். இந்தக் குறைக்கும் மருந்து மூக்குக் கண்ணாடியே. அம்மருந்து எவ்வாறு வேலை செய்கின்றது, எங்கே பயன்படும், எங்கே ஏமாற்றும் என்பவற்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். வீட்டு முற்றத்தில் நிற்கும் எலுமிச்சை மரத்தின் இளந்தளிரில் வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிட்டுச் செல்வதை அவன் காண்கின்றான். முட்டை இளமஞ்சள் நிறமானது. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பருமன் கொண்டது. அது பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்கும்வரை நாள்தோறும் படம்பிடித்து வைக்கவேண்டும் என்று அவன் ஆசைகொள்கின்றான். மாமன் ஒருவரின் பழைய கமரா கைவசம் உண்டு. ஆனால் இத்தகைய படங்களுக்கென்றே செய்யப்பட்ட 'மக்ரோ' வில்லையின் விலையோ ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தையே விழுங்கிவிடக் கூடியது. அவ்வேளையில் யாரோ ஒருவர், சிறு தொகைக்கு ஒரு கண்ணாடியை வாங்கிக் கமராவின் முன் திருகினாற் போதும் என்று கூறுகின்றார். அவனும் இருப்பவற்றுள் வலிமை மிக்கதாகப் பார்த்து ஒன்றை வாங்குகின்றான். படம் மங்கலாக வருகின்றது. ஓரங்களில் நீலமும் சிவப்பும் கசிகின்றன. கண்ணாடி மேசை இழுப்பறைக்குள் போய்விடுகின்றது. சிறியனவற்றைப் படம்பிடிப்பது செல்வர்க்கே உரியது என்ற முடிவுக்கு அவன் வந்துவிடுகின்றான்.

இங்கே இழக்கப்பட்டது கண்ணாடியின் விலை மட்டுமன்று. உற்றுநோக்கும் பழக்கம் ஒன்று முளையிலேயே கருகிவிட்டது. அவன் வாங்கிய பொருளிற் குறையில்லை; அதனைத் தெரிந்தெடுத்த முறையிலேதான் குறை. முறை தெரிந்திருந்தால் அதே சிறு செலவில், அல்லது அதைவிடச் சற்றே கூடிய செலவில், அவன் விரும்பிய படம் கிடைத்திருக்கும்.

கடைகளில் இக்கண்ணாடியைக் 'குளோஸ் அப் பில்டர்' என்று அழைப்பர். பில்டர் என்பது ஒளியை வடித்துச் சில நிறங்களைத் தடுத்துச் சிலவற்றை விடுவது. இக்கண்ணாடி எதனையும் வடிப்பதில்லை. வடிகண்ணாடிகளைப் போன்று வட்டச் சட்டத்தில் பொருத்தப்பட்டு, அவற்றைப் போன்றே வில்லையின் முகப்பில் திருகப்படுவதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இது நடுவிற் சற்றுப் பருத்த ஒரு குவிவில்லை. அண்மையிலுள்ள பொருளைக் காண உதவுவதால் இதனை அண்மைவில்லை என்று அழைக்கலாம். வெள்ளெழுத்துக்காரர் அணியும் கண்ணாடிக்கும் இதற்கும் தத்துவத்தில் எவ்வித வேறுபாடும் இல்லை.

மூக்குக் கண்ணாடியின் வலுவைக் குறிக்கும் அதே அலகாலேயே அண்மைவில்லையின் வலுவும் குறிக்கப்படுகின்றது. அந்த அலகு டயொப்டர் எனப்படும். பிரான்ஸ் தேசத்துக் கண் வைத்தியர் பெர்டினான்ட் மொனோயே என்பவர் 1872ஆம் ஆண்டில் இதனை முன்மொழிந்தார். கணக்கு மிக எளியது. ஒரு மீற்றரை வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது அதன் வலு. ஆகவே வலு 1 என்று பொறிக்கப்பட்ட கண்ணாடியின் குவியத் தூரம் 100 சென்ரிமீற்றர்; வலு 2 ஆயின் 50 சென்ரிமீற்றர்; வலு 4 ஆயின் 25 சென்ரிமீற்றர்; வலு 10 ஆயின் 10 சென்ரிமீற்றர். எண் பெருகப் பெருகத் தூரம் குறையும்.

இனி, இக்கண்ணாடி செய்யும் வேலையைப் பார்ப்போம். குவிவில்லை ஒன்றின் குவியத்திலே ஒரு பொருளை வைத்தால், அப்பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளிக்கதிர்கள் வில்லையைக் கடந்தபின் சமாந்தரமாகச் செல்லும். மிகத் தொலைவிலுள்ள மலையிலிருந்து வரும் கதிர்களும் கமராவை அடையும்போது சமாந்தரமாகவே வருகின்றன. எனவே கமராவின் வில்லையை முடிவிலித் தூரத்துக்குச் சரிசெய்து, வலு 4 உள்ள அண்மைவில்லையை முன்னால் திருகி, தளிரிலுள்ள முட்டையை அக்கண்ணாடியிலிருந்து 25 சென்ரிமீற்றர் தூரத்தில் வரச்செய்தால், கமரா அதனைத் தொலைவிலுள்ள மலையென்றே எண்ணித் தெளிவாகப் பதிவு செய்யும். கமராவை ஏமாற்றும் இச்சிறு தந்திரமே முழுத் தத்துவமும் ஆகும்.

இத்தத்துவத்திலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. கண்ணாடி வாங்குவோர் பலர் முதலாவதை அறிவர், இரண்டாவதை அறியார்.

முதலாவது முடிவு தூரத்தைப் பற்றியது. கமராவில் எந்த வில்லை பொருத்தப்பட்டிருப்பினும், அது முடிவிலிக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும்வரை, பொருளின் தூரத்தை அண்மைவில்லையே தீர்மானிக்கும். வலு 4 உள்ள கண்ணாடியை 50 மில்லிமீற்றர் வில்லையின் முன் திருகினாலும் தூரம் 25 சென்ரிமீற்றர்தான். 200 மில்லிமீற்றர் வில்லையின் முன் திருகினாலும் தூரம் 25 சென்ரிமீற்றர்தான்.

இரண்டாவது முடிவு விம்பத்தின் பருமனைப் பற்றியது. கமரா வில்லையின் குவியத் தூரத்தை அண்மைவில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மில்லிமீற்றர் வில்லையோடு வலு 4 கண்ணாடி சேர்ந்தால், 50ஐ 250ஆல் வகுக்கவேண்டும். விடை ஐந்தில் ஒன்று. அதே கண்ணாடி 200 மில்லிமீற்றர் வில்லையோடு சேர்ந்தால், 200ஐ 250ஆல் வகுக்க, ஐந்தில் நான்கு வருகின்றது. கண்ணாடி ஒன்றே; செலவு ஒன்றே; பொருளின் தூரமும் ஒன்றே. ஆனால் விம்பம் நான்கு மடங்கு பெரிதாகின்றது.

அண்மைவில்லையின் முழு இரகசியமும் இங்கேதான் இருக்கின்றது. அது குறுகிய வில்லைக்கு ஏற்ற துணை அன்று. நீண்ட வில்லைக்கே ஏற்ற துணை. வலிமை மிக்க கண்ணாடியைக் குறுகிய வில்லையிற் பொருத்துவதிலும் பார்க்க, மிதமான கண்ணாடியை நீண்ட வில்லையிற் பொருத்துவதே அறிவுடைமையாகும்.

மாணவனின் முட்டையைக்கொண்டே இதனை அளந்து பார்க்கலாம். அவனது கமராவின் ஒளியுணரி 24 மில்லிமீற்றர் அகலமும், அவ்வகலத்தில் 6000 படப்புள்ளிகளும் உடையது என்று கொள்வோம். அப்படியாயின் ஒரு மில்லிமீற்றருக்கு 250 புள்ளிகள். 50 மில்லிமீற்றர் வில்லையும் வலு 4 கண்ணாடியும் சேர்ந்தபோது ஒரு மில்லிமீற்றர் முட்டையின் விம்பம் 50 புள்ளிகள் அகலமே பெறும். அது வெறும் மஞ்சட் பொட்டு. 200 மில்லிமீற்றர் வில்லையோடு சேர்ந்தபோது 200 புள்ளிகள் பெறும்; முட்டையின் வடிவமும் அது தளிரில் ஒட்டியிருக்கும் இடமும் தெளிவாகத் தெரியும்.

அவன் வாங்கிய வலு 10 கண்ணாடியை 55 மில்லிமீற்றர் வில்லையிற் பொருத்தினால் என்ன நேரும்? உருப்பெருக்கம் 0.55 ஆகும். நீண்ட வில்லை மிதமான கண்ணாடியோடு தந்த 0.8ஐ அது எட்டவில்லை. அதே வேளையில் பொருளுக்கும் கண்ணாடிக்கும் இடையே 10 சென்ரிமீற்றர் இடமே எஞ்சுகின்றது. கமராவின் நிழலே பொருளின்மேல் விழும். முட்டை அசையாது, ஆனால் தும்பியோ சிலந்தியோ அவ்வளவு அண்மைக்கு வரும் ஒரு கருங்குழலைக் கண்டு அங்கே தங்கியிராது. 25 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும்போது ஒளியும் நுழையும், உயிரும் அஞ்சாது.

வலிமை மிக்க கண்ணாடியை ஒதுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தனிக்கண்ணாடியாலான எந்த வில்லையும் இரண்டு பிழைகளைச் செய்யும். நடுவழியே செல்லும் கதிர்களையும் ஓரவழியே செல்லும் கதிர்களையும் ஒரே இடத்திற் சேர்க்காதது ஒன்று. நீலக் கதிரைச் சிவப்புக் கதிரிலும் கூடுதலாக வளைப்பது மற்றொன்று. முன்னதால் விம்பம் மென்மையாகிக் கலங்கும். பின்னதால் கரிய கோடுகளின் ஓரத்தில் வானவில் நிறங்கள் கசியும். வலு 1, 2 போன்ற மெல்லிய கண்ணாடிகளில் இப்பிழைகள் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். வலு 10இல் அவை மறைக்க முடியாதபடி வெளிப்படும்.

நிறப்பிழையைத் திருத்துவதற்கு வழி கண்ட வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் செஸ்டர் மூர் ஹோல் என்ற வழக்கறிஞர், இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து ஒன்றின் பிழையை மற்றொன்றால் ஈடுசெய்யலாம் என்று கண்டு, ஏறத்தாழ 1733ஆம் ஆண்டில் அத்தகைய வில்லையைச் செய்வித்தார். இரகசியம் வெளிப்படக்கூடாதென்று கருதி, ஒரு பாகத்தை ஒரு கடையிலும் மறுபாகத்தை வேறொரு கடையிலும் கொடுத்தார். அவ்விரு கடைக்காரரும் அவ்வேலையை ஒரே தொழிலாளியிடம் கொடுத்துவிட்டனர் என்று வரலாறு கூறும். இரு பாகங்களும் ஒரே மனிதருக்காகச் செய்யப்படுவதையும், ஒன்றோடொன்று பொருந்துவதையும் அத்தொழிலாளி கண்டுகொண்டார். பின்னர் ஜோன் டொலண்ட் என்பவர் அம்முறையைத் தாமும் ஆராய்ந்து 1758ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அந்த இரட்டைக் கண்ணாடி முறையே இன்றைய உயர்தர அண்மைவில்லைகளிலும் பயன்படுகின்றது. கனன் நிறுவனம் 500 டி, 250 டி என்ற பெயர்களில் முறையே வலு 2, வலு 4 உடைய இரட்டைக் கண்ணாடிகளை வெளியிட்டது. அவ்வெண்கள் அவற்றின் குவியத் தூரத்தை மில்லிமீற்றரிற் காட்டுவன. யப்பானைச் சேர்ந்த றேனொக்ஸ் நிறுவனத்தின் கண்ணாடிகளும் இவ்வாறு நிறப்பிழை திருத்தப்பட்டவையே. இவற்றின் விலை தனிக்கண்ணாடியிலும் கூடியது; ஆயினும் மக்ரோ வில்லையின் விலையில் ஒரு சிறு பங்கே. பணம் சேர்த்து ஒரேயொரு கண்ணாடி வாங்க எண்ணுபவர், தனிக்கண்ணாடிகள் மூன்று நான்கைக் கட்டாக வாங்குவதிலும் பார்க்க, வலு 2 முதல் 5 வரையான இரட்டைக் கண்ணாடி ஒன்றை வாங்குவது நன்று.

அவ்வளவு செலவுக்கும் வழியில்லாதவர் மனந்தளர வேண்டியதில்லை. தனிக்கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகினால் அவற்றின் வலுக்கள் கூடும். வலு 1உம் வலு 2உம் சேர்ந்தால் வலு 3 ஆகும். அவ்வாறு சேர்க்கும்போது வலிமை கூடியதைக் கமராவுக்கு அண்மையிலும் குறைந்ததை வெளியிலும் வைத்தல் வேண்டும். ஆனால் வலுக்கள் கூடுவது போலவே பிழைகளும் கூடும். இரண்டுக்கு மேல் அடுக்கலாகாது.

கண்ணாடி பலவானால் காட்சி சிறக்கும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரிலே வாழ்ந்த அந்தோனி வான் லீவன்ஹூக் ஒரு துணி வியாபாரி. நெசவின் இழைகளை எண்ணுவதற்கு அக்காலத்துத் துணி வியாபாரிகள் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்தினர். பல்கலைக்கழகப் படிப்பில்லாத அவர், தாமே தீட்டிச் செய்த ஒற்றைச் சிறு வில்லையைத் தகட்டிடையே பொருத்தி, 1670ஆம் ஆண்டுகளில் குளத்து நீரிலுள்ள நுண்ணுயிர்களைக் கண்டார். கண்டவற்றைக் கடிதங்களாக இலண்டனிலிருந்த வேத்தியற் கழகத்துக்கு எழுதினார். அக்காலத்தில் அறிஞரிடமிருந்த கூட்டு நுணுக்குக்காட்டிகளில் ஒவ்வொரு வில்லையின் பிழையும் மற்றொன்றின் பிழையோடு சேர்ந்து விம்பத்தைக் கெடுத்தது. அவரது ஒற்றைக் கண்ணாடியே தெளிவிற் சிறந்து விளங்கியது. எளிய கருவியின் எல்லையை அறிந்து அதற்குள் நின்று உழைத்தவருக்கு அது துரோகம் செய்யவில்லை.

அண்மைப் படம் எடுப்பதற்கு வேறு மலிவான வழிகளும் இருக்கின்றன. கமராவுக்கும் வில்லைக்கும் இடையே கண்ணாடியற்ற வெறும் வளையங்களைப் பொருத்தி வில்லையை முன்னே தள்ளுவது அவற்றுள் ஒன்று. இடையிலே கண்ணாடி இல்லாமையால் புதிய பிழை எதுவும் அதனாற் சேராது. ஆனால் அதற்கு வேறு விலை கொடுக்கவேண்டும். 50 மில்லிமீற்றர் வில்லையில் 0.8 மடங்கு உருப்பெருக்கம் பெற 40 மில்லிமீற்றர் நீள வளையம் போதும். 200 மில்லிமீற்றர் வில்லையிலோ 160 மில்லிமீற்றர் நீள வளையம் தேவைப்படும். அது கையாள முடியாத குழாய். மேலும் வில்லை முன்னே நகர நகர ஒளி குறையும். முழு உருவப் பருமன் பெறும் நிலையில் ஒளி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அண்மைவில்லையால் ஒளி அவ்வாறு குறைவதில்லை. ஆகவே குறுகிய வில்லை உடையவர் வளையத்தையும், நீண்ட வில்லை உடையவர் அண்மைவில்லையையும் நாடுவது பொருத்தம். வில்லையைக் கழற்ற முடியாத கமரா வைத்திருப்பவருக்கு அண்மைவில்லையே வழி.

கைத்தொலைபேசியிற் கவ்விபோன்று மாட்டும் சிறு கண்ணாடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தொலைபேசிக் கமராவின் குவியத் தூரம் சில மில்லிமீற்றர்களே ஆதலால், அதற்கு வலு மிகக் கூடிய கண்ணாடி வேண்டும். வலு 50 உள்ள கண்ணாடியானால் பொருளை 2 சென்ரிமீற்றர் தூரத்திற் பிடிக்கவேண்டும். அசையாத இலை, விதை, நாணயம் முதலியவற்றுக்கு அது போதுமானது. பறக்கும் பூச்சிக்கு ஏற்றதன்று.

கண்ணாடி சரியாகக் கிடைத்தபின்னும் ஒரு பெரிய தடை எஞ்சியிருக்கின்றது. அது தெளிவின் ஆழம். மனிதர் ஒருவரைப் படமெடுக்கும்போது அவரது மூக்கும் காதும் ஒருங்கே தெளிவாகத் தெரிகின்றன. பொருள் சிறிதாகி விம்பம் பெரிதாகும்போது, தெளிவாக விழும் பகுதியின் ஆழம் விரைந்து சுருங்குகின்றது. மேலே கூறிய 0.8 மடங்கு உருப்பெருக்கத்தில், வில்லைத் துவாரம் எப் 8 ஆக இருக்கும்போது, அந்த ஆழம் அரை மில்லிமீற்றர் அளவே. ஒரு மில்லிமீற்றர் முட்டையின் முன்பக்கம் தெளிந்தால் பின்பக்கம் மங்கும். எப் 16 அளவுக்குத் துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் ஒரு மில்லிமீற்றராகும். துவாரத்தைச் சுருக்குவதால் தனிக்கண்ணாடியின் ஓரப்பிழைகளும் குறையும். ஆனால் எப் 22க்கு அப்பாற் சென்றால் ஒளியலையின் இயல்பாலேயே விம்பம் முழுவதும் மென்மையாகிவிடும். எப் 11 முதல் எப் 16 வரை என்பது நடுவழி.

துவாரம் சிறுத்தால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும். அந்நேரத்திற் காற்று வீசினால் தளிர் ஆடும். இந்தச் சங்கிலியை அறிந்தவர் காலையின் அமைதியான வேளையைத் தெரிந்தெடுப்பர். வெயில் ஏறுமுன் காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். குளிர்ந்த உடலையுடைய பூச்சிகளும் சோம்பி இருக்கும். தளிர் ஆடினால் ஒரு குச்சியை நட்டு, உடுப்புக் கவ்வியால் கிளையை மெல்ல அதனோடு பிணைக்கலாம். ஒரு வெள்ளைக் கடதாசியை நிழற்பக்கத்திற் பிடித்தால் அது ஒளியைத் திருப்பி நிழலை மென்மையாக்கும். மின்னொளி விளக்கைப் பயன்படுத்துபவர் அதன்மேல் மெல்லிய வெண்தாள் ஒன்றைச் சுற்றிக்கொண்டால் கடுமையான மினுக்கம் தணியும்.

விம்பத்தைத் தெளியவைக்கும் முறையும் வழக்கத்துக்கு மாறானது. வில்லையின் வளையத்தைத் திருகித் தெளிவைத் தேடுவது இங்கே பயனற்றது. தன்னியக்கமாகத் தெளிவாக்கும் பொறியை நிறுத்திவிட்டு, கமராவையே ஒரு மயிரிழை முன்னும் பின்னுமாக நகர்த்தவேண்டும். தேவையான இடம் தெளிந்த கணத்தில் ஷட்டரை அழுத்தவேண்டும். அரிசியோ மணலோ நிரப்பிய சிறு துணிப்பையின்மேல் கமராவை இருத்தினால் கை நடுக்கம் அடங்கும். முக்காலி இருப்பின் மிக நன்று. அப்போது தாமத விசையைப் பயன்படுத்தினால் விரலின் அசைவும் படத்தை அடையாது. ஆழம் குறைந்திருப்பதால், பொருளின் நீண்ட பக்கம் கமராவின் பின்புறத்துக்குச் சமாந்தரமாக இருக்கும்படி நிற்பது இன்னொரு நுட்பம். தும்பியின் சிறகை நேர்ப்பக்கமாக நின்று பிடித்தால் நரம்புகள் யாவும் தெளியும். தலைப்பக்கமாக நின்று பிடித்தால் கண்கள் மட்டும் தெளியும்.

கண்ணாடியை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. வில்லை முகப்பின் விட்டம் 49, 52, 55, 58, 67 மில்லிமீற்றர் எனப் பலவாறு இருக்கும். அந்த எண் வில்லையின் முகப்பிலோ மூடியின் உட்புறத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டு வில்லைகள் உள்ளவர் பெரிய விட்டத்துக்குக் கண்ணாடியை வாங்கி, சிறியதற்கு மலிவான இடைவளையம் ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். கடையிலேயே கண்ணாடியை அச்சிட்ட எழுத்துக்களின்மேற் பிடித்து ஓரத்தாற் பார்க்கவேண்டும். எழுத்தின் விளிம்பில் நிறம் கசிவது அதிகமாயின் அதனை விடுத்தல் நலம். கூரை விளக்கின் தெறிப்பு கண்ணாடியில் வெண்மையாகப் பளிச்சிட்டால் அதன்மேல் தெறிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லை என்று அறியலாம். ஊதாவோ பச்சையோ ஆன மங்கிய தெறிப்பு பூச்சு உள்ளதற்கு அடையாளம். பழைய கண்ணாடியாயின் வலைபோன்ற பூஞ்சணம் படர்ந்துள்ளதா என்றும் பார்க்கவேண்டும். இலங்கை போன்ற ஈரப்பதன் மிக்க நாட்டிலே கண்ணாடிக்குப் பெரும் பகை பூஞ்சணமே. ஈரம் உறிஞ்சும் மணிகளோடு காற்றுப்புகாத பெட்டியில் வைத்தால் அது பல்லாண்டு உழைக்கும்.

பூச்சியும் பூவும் மட்டுமே இக்கண்ணாடிக்கு உரியன என்று கருதலாகாது. தபால் முத்திரை சேர்ப்போர், நாணயம் ஆராய்வோர், பழைய ஏட்டுச்சுவடியின் மங்கிய எழுத்தைப் படியெடுக்க விரும்புவோர் ஆகியோருக்கும் இது உதவும். தட்டையான இப்பொருள்களில் ஓரங்களும் நடுவைப் போலவே தெளிவாக விழவேண்டியிருப்பதால், வலு குறைந்த கண்ணாடியும் நீண்ட வில்லையும் சுருங்கிய துவாரமும் இங்கே இன்னும் இன்றியமையாதனவாகும். ஒரு வீட்டின் பெட்டிக்குள் கிடக்கும் ஏடு பூச்சியரித்து அழியுமுன் அதன் படியொன்று எஞ்சுமாயின், அக்கண்ணாடியின் விலை பன்மடங்காய்த் திரும்பியதாகவே கொள்ளலாம்.

உயிர்களைப் படம்பிடிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. அசையாமல் இருக்கவேண்டும் என்பதற்காகப் பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் இட்டு மயங்கச் செய்வதும், ஊசியிற் குத்துவதும், பிசின் இட்டு ஒட்டுவதும் சிலரிடையே காணப்படும் வழக்கம். அவ்வாறு எடுத்த படம் அழகாயிருக்கலாம். அது அவ்வுயிரின் வாழ்வைக் காட்டும் படமன்று. கூட்டிலுள்ள குருவிக்காகக் கிளையை ஒடிப்பவனுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு சிறிதே. இயற்கையில் உள்ளதை உள்ளபடி காண்பதே இக்கலையின் பெருமை.

எலுமிச்சைத் தளிருக்கு மீண்டும் வருவோம். முறையறிந்த மாணவன் தொலைவில்லையின் முன் மிதமான கண்ணாடியைத் திருகி, கையெட்டும் தூரத்தில் அமர்கின்றான். சில நாட்களில் முட்டை நிறம் மாறிப் பொரிக்கின்றது. வெளிவரும் புழு பறவையின் எச்சம் போன்ற தோற்றம் கொண்டிருப்பதை அவன் படம் காட்டுகின்றது. அவ்வேடம் பறவையின் கண்ணிலிருந்து அதனைக் காக்கின்றது. வளர்ந்தபின் அது இலையோடு இலையாகப் பச்சை நிறம் பூணுகின்றது. தீண்டினால் தலையின் பின்னிருந்து செம்மஞ்சள் நிறமான கவைபோன்ற உறுப்பொன்றை நீட்டி வாடை வீசி எச்சரிக்கின்றது. ஒவ்வொரு படத்தின் கீழும் திகதியையும் நேரத்தையும் இலையின் நிலையையும் அவன் எழுதி வைப்பானாயின், அவனிடம் இருப்பது வெறும் படத்தொகுதியன்று. ஓர் உயிரின் வரலாறு. எந்த நூலையும் பார்த்து எழுதாமல், தன் முற்றத்திலேயே தான் கண்டு எழுதிய வரலாறு.

மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர் பத்திரிகையை வாசிக்கின்றார். கண்ணாடி அவருக்காக வாசிப்பதில்லை. நெருங்கிப் பார்க்க இடங்கொடுக்கின்றது. அவ்வளவே. அண்மைவில்லையும் அவ்வாறே. விலையுயர்ந்த வில்லை தரும் ஓரத்தெளிவை அது முழுவதும் தராது. அதனை மறைத்து விற்பவர் வாங்குபவரை ஏமாற்றுகின்றார். ஆனால் தக்க வலுவைத் தெரிந்து, தக்க வில்லையோடு சேர்த்து, அமைதியான ஒரு காலைப்பொழுதை அதற்கென ஒதுக்குபவர்க்கு, முற்றத்து மரத்தின் ஓர் இலையே ஒரு புத்தகமாக விரியும். அதனை வாசிக்கும் உரிமை செல்வர்க்கு மட்டும் உரியதன்று.